ரம்யலதா டீச்சரின் இடது கை

ரம்யலதா சோறு பிசைந்துகொண்டிருந்தாள். சிவப்பரிசிச் சோற்றில் பருப்பை ஊற்றி, பூசணித் துண்டை நசுக்கி, முள் எடுத்த மீனை உதிர்த்துப் போட்டு, விரல் நுனியால் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டித் தட்டின் ஓரத்தில் அடுக்கினாள். எல்லாம் ஒரே அளவு. எதிரே சக்கர நாற்காலியில் ஓஷதி வாயைத் திறந்து காத்திருந்தாள். நான் இரண்டு பேரையும் போனில் படம் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, என் மூஞ்சிய எடுக்காதீங்க. பிள்ளையை எடுங்க."

"உன்னத்தான் எடுக்கச் சொல்லிருக்காரு உன் சனிக்கிழமை வகுப்பு சேர். தலைய ஆட்டாம ஊட்டு."

குளியாப்பிட்டிப் பக்கத்தில் ஒரு அரசாங்கப் பள்ளிக்கூடம். அதன் பின்கட்டில், குறைபாடுள்ள பிள்ளைகளுக்கென்று ஒரே ஒரு வகுப்பு. ரம்யலதா அதன் ஆசிரியை. நான் கண்டி ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கழுவித் துடைத்து ஓய்வு பெற்றவள். பெற்றோர் சங்கம் என்னை உதவிக்கு வைத்திருந்தது. அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவள் நான். வகுப்புக்குள் அவளை டீச்சர் என்பேன், வெளியே நங்கி, தங்கச்சி என்பேன். எந்த ஊர்க்காரி என்று அவள் என்னைக் கேட்டதில்லை. வேலை செய்வேனா என்றுதான் பார்த்தாள்.

அவள் முதலில் பெரிய வகுப்புகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். மகள் சந்தமாலி பிறந்த பிறகுதான் இந்த வகுப்பைக் கேட்டு வாங்கினாள். சந்தமாலிக்குக் கழுத்து நிற்காது, வலது கை மடங்கியே இருக்கும். பதினோரு வயது வரை அந்தப் பிள்ளைக்கு ரம்யலதா மடியில் வைத்தே ஊட்டினாள். ஒரு மாரிகாலத்தில் சாப்பாடு நெஞ்சுக்குள் இறங்கி, சளி கட்டி, பிள்ளை போய்விட்டது. மறுவாரம் ரம்யலதா பள்ளிக்கூடம் வந்து மற்றப் பிள்ளைகளுக்கு ஊட்டினாள். புருஷன் லொறி ஓட்டுகிறவர். ஊரில் இருக்கும் நாளில் மனைவியைச் சைக்கிளில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார். அந்த வீட்டில் அதிகம் பேச்சில்லை.

ஓஷதிக்கு ஒன்பது வயது. சந்தமாலியைப் போலவே வலது கை உள்பக்கம் மடங்கியிருக்கும். பேச்சு வராது, ஆனால் எல்லாம் புரியும். யாராவது வழுக்கி விழுந்தால் முதலில் சிரிப்பவள் அவள்தான். அவளுடைய அம்மா இரேஷா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போக எழுதிக்கொடுத்துவிட்டாள். வீட்டில் மிஞ்சுவது சீயா, பிள்ளையின் தாத்தா ஹீன்பண்டா மட்டும். குளிப்பாட்டவும் துணி மாற்றவும் பக்கத்து வீட்டுக்காரி ஒத்துக்கொண்டாள். மூன்று வேளை ஊட்டுவதற்குத்தான் ஆளில்லை. ஹீன்பண்டாவுக்குக் கை நடுக்கம். அவர் ஊட்டி இரண்டு தடவை பிள்ளைக்குப் புரையேறி உதடு நீலமாகிவிட்டது. ஓஷதி தன் கையால் சாப்பிடப் பழகினால் வீட்டிலேயே இருக்கலாம். இல்லையென்றால் குருநாகலையில் ஓர் இல்லம். அவர்களுக்கு இரேஷா வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அந்தத் தவணையில்தான் ரம்யலதா சனிக்கிழமைகளில் செயல்நிலை ஆய்வு படிக்கப் போய்க்கொண்டிருந்தாள். ஆசிரியர் தன் வகுப்பில் உள்ள ஒரு சிக்கலை எடுத்து, ஒன்றைச் செய்து பார்த்து, என்ன நடந்தது என்று கவனித்து, அதிலிருந்து அடுத்ததைச் செய்து பார்க்கிற படிப்பு. அவள் எடுத்த சிக்கல்: 'ஓஷதி தானாகச் சாப்பிட மறுக்கிறாள்.'

மடங்கிய வலது கையில் தடித்த பிடி வைத்த கரண்டியைத் துணியால் கட்டிப் பார்த்தாள். கரண்டி கன்னத்தில் இடித்தது. தட்டு வழுக்காமல் இருக்க ஈரத்துணி போட்டாள். ஒரு வாய் சாப்பிட்டால் சட்டையில் ஒரு நட்சத்திரம் ஒட்டுவதாகச் சொன்னாள். ஓஷதி நட்சத்திரத்தை மட்டும் கேட்டு அழுதாள். கடைசியில் எப்போதும் உருண்டை பிடித்து ஊட்டத்தான் வேண்டியிருந்தது.

"உங்க சேர் என்ன சொல்றாரு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"விஜேகோன் சேர் என் தாளைப் பாத்துட்டு, 'முழுக்கப் பிள்ளையைப் பத்தித்தான் எழுதியிருக்கீங்க, இந்த வகுப்புல டீச்சர்னு யாரும் இல்லையா'ன்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சிட்டாங்க அக்கா. யாரையாவது விட்டு என்னைப் படம் பிடிக்கணுமாம். சத்தத்தை நிப்பாட்டிட்டுப் பாக்கணுமாம். நம்ம குரலே நம்மள ஏமாத்திருமாம்."

"நல்ல மனுசன்தான். ஒரு வாய் ஊட்டிப் பாத்திருக்காரா?"

"அதை நீங்களே வந்து கேளுங்க."

அப்படித்தான் அந்தப் புதன்கிழமை நான் போனைப் பிடித்தேன். பள்ளி விட்ட பிறகு, இரேஷா பிள்ளையைக் கூட்டிப் போனதும், நான் தட்டுகளைக் கழுவினேன். ரம்யலதா பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தைப் பார்த்தாள். முடிந்ததும் முதலிலிருந்து பார்த்தாள். பிறகு மறுபடியும்.

"அக்கா, இங்க வாங்க. இது யாரு கை?"

ஈரக்கையோடு போய்ப் பார்த்தேன். "உன் கைதான். வளையல் தெரியலையா?"

"இது என்ன செய்யுது?"

பார்த்தேன். அவள் வலது கை உருண்டையை எடுத்து ஓஷதியின் வாய்க்குக் கொண்டுபோகிறது. அதே நேரத்தில் ஓஷதியின் மடியிலிருந்து இடது கை எழும்புகிறது. தட்டை நோக்கித்தான் வருகிறது. ரம்யலதாவின் இடது கை போய், தூங்குகிற பிள்ளையைத் தட்டிக்கொடுப்பது போல, அதை மெதுவாக மடியில் அமர்த்துகிறது. அடுத்த உருண்டை. பிள்ளையின் கை எழும்புகிறது. இவள் கை அமர்த்துகிறது. ஒவ்வொரு வாய்க்கும் அப்படியே. ஒரு தடவையாவது ரம்யலதாவின் கண் அந்தப் பக்கம் போகவில்லை.

இடது கையால் சோற்றைத் தொடுகிற பிள்ளையின் கையை எங்கள் பக்கத்தில் எந்தத் தாயும் தட்டித்தான் விடுவாள். அதற்கு யோசனை தேவையில்லை. ஆஸ்பத்திரியில் பக்கவாதம் வந்தவர்களுக்கு நாங்களே ஊட்டிவிடுவோம், வேலையும் சீக்கிரம் முடியும். அவர்களுக்கு நன்றாக வேலை செய்யும் மற்றக் கையைப் பற்றி அங்கேயும் யாரும் பேசியதில்லை.

"மறுக்கிறாள்னு எழுதினேனே அக்கா," என்றாள் ரம்யலதா. "அவ எங்க மறுத்தா?"

நான் கையைத் துடைத்துக்கொண்டேன்.

"சந்தமாலியும் இந்தக் கையத் தூக்குவா. மடியில கிடந்துக்கிட்டே தூக்குவா. விளையாடுறான்னு நினைச்சு என் கைக்கு அடியில வச்சுக்குவேன்." போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். "நிமிந்து உக்காந்து, தன் கையால தின்னிருந்தா, அது நெஞ்சுக்குள்ள போயிருக்குமா?"

இந்தக் கேள்வி ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கட்டில் என் காதில் விழுந்திருக்கிறது. கேட்கிறவர்களுக்கு ஆம் என்றாலும் வலிக்கும், இல்லை என்றாலும் நம்ப மாட்டார்கள்.

"தெரியாது," என்றேன். "தானா சாப்பிடுற பிள்ளைக்குப் புரையேறுறது கொஞ்சம் குறைவு. அது எனக்குத் தெரியும். உன் பிள்ளைக்கு என்ன ஆகியிருக்கும்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன்."

அவள் தலையை ஆட்டினாள். அழுதாள். நான் தேநீர் போட்டு, ஒரு துண்டு கருப்பட்டியோடு முன்னால் வைத்தேன். ஆறிய பிறகுதான் குடித்தாள்.

"இன்னிக்கு புதன்," என்றேன். "எழும்பு. ஹீன்பண்டா வீட்டுக்குப் போவோம்."

ஹீன்பண்டா வாசலில் தேங்காய் மட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். இரேஷா உள்ளே பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். ஓஷதி பாயில் கிடந்து எங்களைப் பார்த்துச் சிரித்தாள். ரம்யலதா விஷயத்தைச் சொன்னதும் கிழவர் மட்டையைக் கீழே போட்டார்.

"இடது கையாலயா? டீச்சருக்கு வெயில் பட்டுருச்சா?"

"பிள்ளைக்கு அந்தக் கை நல்லா வேலை செய்யுது சீயா."

"செய்யும், செய்யும். கழுவுற கையால சோறு தின்னப் பழக்குறதுக்குத்தான் அரசாங்கம் உங்களுக்குச் சம்பளம் குடுக்குதா? நாளைக்கு ஒரு தான வீட்டுப் பந்தியில இவ பக்கத்துல யாரு உக்காருவா? எங்க பரம்பரையில நாய்கூட வலது பக்கமாத்தான் திரும்பிப் படுக்கும்."

"அப்பா, கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள் இரேஷா.

"நீ பறந்து போயிருவ. ஊர் வாயில நான்தான் கிடக்கணும்."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "பண்டா அய்யே, ஒண்ணு கேக்குறேன். இந்தப் பிள்ளை என்னிக்காவது தன்னைத் தானே கழுவியிருக்கா?"

"அது எப்படி முடியும் அவளுக்கு?"

"அப்போ கழுவினது யாரு? நீங்க, நான், இவ அம்மா. நம்ம இடது கைதான் அசிங்கம் பாத்த கை. அவ இடது கை பிறந்ததுல இருந்து எதையும் தொட்டதில்ல. இந்த ஊர்லயே சுத்தமான கை அதுதான்."

கிழவர் கீழே கிடந்த மட்டையை எடுத்து மறுபடி அடுக்கினார். இரேஷா சிரித்தாள். சிரித்துக்கொண்டே பெட்டி மேல் உட்கார்ந்தவள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"நான் அந்த இல்லத்தைப் போய்ப் பாத்தேன் டீச்சர்," என்றாள் கைக்குள்ளிருந்து. "நல்லவங்கதான். ஆனா வரிசையா உக்கார வச்சு ஒரே கரண்டியால ஊட்டுறாங்க. முழுங்கினாளா இல்லையான்னு பாக்க நேரம் இல்ல. பாவம், அவங்களும் ரெண்டே பேரு. நான் போகாமலும் இருக்க முடியாது."

"நாளைக்குக் காலையில பிள்ளையை வெறும் வயித்தோட கூட்டிட்டு வா," என்றாள் ரம்யலதா. "சீயாவும் வரணும்."

"நான் எதுக்கு?"

"பாக்குறதுக்கு. அப்புறம் என்னைத் திட்டணும்னா திட்டலாம்."

திரும்பும்போது வழியில் ரம்யலதா ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "அவ இனிமே அந்தக் கையத் தூக்குவாளா அக்கா? மூணு வருசமா நான் அமத்தி வச்சிருக்கேனே." எனக்கும் அதே பயம்தான்.

மறுநாள் காலை மூவரும் வந்தார்கள். ஓஷதியின் இடது கையைச் சவர்க்காரம் போட்டு விரல் விரலாக நான் கழுவினேன். ஹீன்பண்டா தெரியட்டும் என்று இரண்டு தடவை கழுவினேன். தட்டுக்குக் கீழே ஈரத்துணி விரித்தேன். ரம்யலதா பாற்சோறு செய்து கொண்டுவந்திருந்தாள். ஒட்டும், சிதறாது. உருண்டை பிடிக்காமல் அப்படியே தட்டில் வைத்தாள். பிறகு பிரம்பு நாற்காலியை இழுத்துப் போட்டு, தன் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்தாள்.

ஓஷதி வாயைத் திறந்தாள். யாரும் ஊட்டவில்லை. வாயைத் திறந்தபடியே எங்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கோபம் வந்து கத்தினாள். இரேஷா முன்னால் வந்தாள், நான் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

கொஞ்சம் பொறுத்து அந்த இடது கை எழும்பியது. மடிக்கும் தட்டுக்கும் நடுவில், வழக்கமாக டீச்சரின் கை வந்து தொடும் இடத்தில், நின்றது. காத்திருந்தது. ஒன்றும் வந்து தொடவில்லை. அப்போது அது தானாகவே மடியில் இறங்கிவிட்டது.

மறுபடி எழும்பி, மறுபடி அதே இடத்தில் நின்று, தானாகவே இறங்கியது.

ரம்யலதா சாதாரணமாகவே பேசினாள். "துவ, மகளே, டீச்சரோட கை இங்க இல்ல. இங்க பாரு." சற்றுச் சாய்ந்து, தொடைக்கு அடியில் இருந்த கையைக் காட்டிவிட்டு மறுபடி அதன் மேல் உட்கார்ந்தாள். "இனிமே வராது."

ஓஷதி அதைப் பார்த்துச் சிரித்தாள், யாரோ வழுக்கி விழுந்தது போல. அந்தக் கை தட்டுக்குப் போனது. ஐந்து விரலும் சோற்றுக்குள் புதைந்தன. பாதி கன்னத்தில் போனது, பாதி கழுத்தில். கொஞ்சம் வாய்க்குள் போனது. மென்றாள். முழுங்கும் வரை நான் தொண்டையையே பார்த்தேன். இருமல் வரவில்லை. கை திரும்பத் தட்டுக்குப் போனது.

"ஒரு தட்டு முடியுறதுக்குள்ள மத்தியானம் ஆயிரும்," என்றாள் இரேஷா. "இவ்வளவு நேரம் யாருக்கு இருக்கு?"

ஹீன்பண்டா செருமினார். "எனக்கு என்ன, கச்சேரி ஆபீசுல வேலை காத்துக்கிடக்கா?" தோளில் கிடந்த துண்டால் பிள்ளையின் கன்னத்தைத் துடைக்கப் போனவர், ரம்யலதாவைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். "தின்னு முடிக்கட்டும்."

இரேஷா போனை எடுத்துக்கொண்டு வெளியே மாமர நிழலுக்குப் போனாள். இல்லத்துக்குப் பேசினாள் என்று அவள் திரும்பி வந்த முகத்தில் தெரிந்தது. என்ன பேசினாள் என்று நாங்கள் கேட்கவில்லை. "நான் பிளேன் ஏற முந்தி இவ சாப்பிடுறதைப் பாக்க ஒன்பது நாள் இருக்கு," என்று மட்டும் சொல்லி மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தட்டு காலியானதும் ரம்யலதா எழுந்தாள். இடது கை தொங்கியது. வெளுத்து, பிரம்பின் பின்னல் தோலில் பதிந்திருந்தது. விரலை மடக்கப் பார்த்தாள், மடங்கவில்லை. அதைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கையக் குடு," என்றேன்.

"விடுங்க அக்கா. கொஞ்ச நேரம் இப்படியே கிடக்கட்டும்."

"கிடக்கக் கூடாது. ரத்தம் ஓடணும்." கையைப் பிடித்து இழுத்து, மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரைக்கும் அழுத்தித் தேய்த்தேன். "பகல் சாப்பாட்டுக்கு மறுபடி இது மேல உக்காரணும்ல?"