அறிவுரை சொல்லாத கவுன்சலர்

நான் திருச்சியில் ரயில் ஓட்டுநர். ஸ்ரீரங்கம் தாண்டி ஒருவர் தண்டவாளத்தைக் கடக்கும்போது என் வண்டியில் அடிபட்டு இறந்துபோனார். அதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. "உங்க தப்பு இல்லங்க" என்று எல்லோரும் சொன்னார்கள். கடைசியில் மனைவிதான் ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண் கவுன்சலரிடம் அழைத்துப் போனாள்.

தூங்குவதற்கு ஏதாவது வழி சொல்வார் என்று நினைத்தேன். அவரோ கேட்டுக்கொண்டே இருந்தார். நான் சொன்னதையே, "இப்படித்தானே உங்களுக்கு இருக்கு?" என்று என்னிடமே கேட்பார். லீவு போட்டுவிட்டு இதற்காகவா வந்தோம் என்று எரிச்சல்தான் மிஞ்சியது.

மூன்றாவது முறை பொறுக்க முடியாமல், "ஏதாவது சொல்லுங்க மேடம். சும்மா கேக்கறதுக்கு வீட்டுச் சுவரே போதும்" என்றேன்.

"என் மேல கோபமா இருக்கீங்க. நானும் உங்களைக் கைவிட்டுட்ட மாதிரி இருக்கு, இல்லீங்களா?" என்றார்.

"ஆமாங்க. ஹாரன் அடிச்சேன், பிரேக் போட்டேன். வேற ஒண்ணும் செய்ய முடியல. அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தாருங்க."

மனைவியிடம்கூட அதைச் சொன்னதில்லை. அழுதுவிட்டேன். தப்பு உங்களுடையதல்ல என்று சொல்லி அவர் என்னை நிறுத்தவில்லை.

தூக்கம் மெல்லத்தான் திரும்புகிறது. இந்தச் சிகிச்சை இப்படித்தான் இருக்கும் என்று முதல் நாளே எனக்குப் புரியும்படி சொல்லியிருக்கலாம் என்ற ஆதங்கம் இன்னும் போகவில்லை. கவுன்சலரிடம் போகிறவர்கள் அதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

போன மாதம் சக ஓட்டுநர் ஒருவருக்கும் இதேபோல் நேர்ந்தது. ஓய்வறையில் எல்லோரும் அவரைத் தேற்றிவிட்டுப் போனார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்று மட்டும் கேட்டேன்.