கோமதி டீச்சரும் பாதிக் கணக்கும்

கோமதியம்மாளுக்கு அந்த வருஷம் நாற்பத்திரண்டு வயது. பார்த்தவர்கள் ஐம்பது என்றுதான் சொல்வார்கள். பன்னிரண்டு வருஷமாகத் தாராவியின் தமிழ்ப் பள்ளி ஒன்றில், பின்கட்டுத் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய தகரக் கொட்டகையில் தனி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள்.

தனி வகுப்பு என்றால் மற்ற வகுப்புகளில் வைத்துக்கொள்ள முடியாது என்று ஒதுக்கிவிட்ட பிள்ளைகள். காது மந்தமான ஒருவன், வலிப்பு வருகிற ஒருத்தி, ஏழு வயதுக்குப் பிறகு பேச்சு வந்த இரண்டு பேர் என்று மொத்தம் பதினான்கு உருப்படி. பள்ளிக்கூடத்தில் அதற்கு வழங்கிய பெயர் "மக்கு கிளாஸ்". வாத்தியார்களே அப்படித்தான் சொன்னார்கள். கோமதியம்மாள் முதல் இரண்டு வருஷம் சண்டை போட்டாள். அப்புறம் காதில் போட்டுக்கொள்வதை விட்டுவிட்டாள்.

அவள் அந்த வகுப்பைக் கேட்டு வாங்கவில்லை. இரண்டாவது பிரசவ லீவு முடிந்து திரும்பியபோது, அவள் எடுத்துக்கொண்டிருந்த இரண்டாம் வகுப்பில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தார். மிச்சமிருந்தது கொட்டகை. அவ்வளவுதான் கதை. வீட்டுக்காரர் மாட்டுங்கா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். லேபர் கேம்ப்பில் ஒற்றை அறை, அதில் நாத்தனார் குடும்பமும் கூட. விடிவதற்கு முன்னால் குழாயடி வரிசை, பிறகு உலைச் சோறு, பிறகு பள்ளிக்கூடத்தின் ஏழு மணி ஷிப்டுக்கு ஓட்டம். கொட்டகைக்குள் நுழைந்து நாற்காலியில் உட்காரும்போதே அவளுக்குப் பாதி நாள் முடிந்துபோயிருக்கும்.

அறுபத்தாறு ஜூன் மாதம் ஹெட்மாஸ்டர் வேங்கடசுப்ரமணியன் கூப்பிட்டு அனுப்பினார். பாலக்காட்டுக்காரர், மாட்டுங்காவிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். மேஜைமேல் ஒரு சைக்ளோஸ்டைல் தாள் கிடந்தது.

"ஆர்டர் வந்துடுத்தும்மா. தனி கிளாஸை மூடிடணும். குழந்தைகளை அதது வயசுக்கேத்த கிளாஸ்ல உக்கார வைக்கணுமாம். நீங்க கிளாஸ் கிளாஸாப் போயி, கூட இருந்து ஒத்தாசை பண்ணணும்."

"நான் ஒருத்தி சார். பதினாலு பிள்ளைங்க, அஞ்சு கிளாஸ்."

"எனக்கும் எண்ணத் தெரியறது. எழுதினவாளுக்குத் தெரியலையே!"

திட்டம் தப்பு என்று கோமதியம்மாளுக்குத் தோன்றவில்லை. தெருவில் ஒன்றாக விளையாடுகிற பிள்ளைகளைப் பள்ளிக்கூட வாசலில் பிரித்து, ஒரு கூட்டத்தை மட்டும் தொட்டிப் பக்கம் ஓட்டிக்கொண்டு போவது அவளுக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. ஆனால் தாளின் அடியில் இன்னொரு வரி இருந்தது. அரையாண்டுப் பரீட்சையில் பயன் தெரியாத பிள்ளைகளைப் பெற்றோரிடமே ஒப்படைத்துவிடலாம். முன்பென்றால் திரும்பி வரக் கொட்டகையாவது இருந்தது. இனி வகுப்பு, இல்லாவிட்டால் வீடு.

மூன்றாம் வகுப்புக்குப் போனவள் அக்தர் பானு. பத்து வயது. பேச்சு மெதுவாக வரும், எழுத்து வரவே வராது. அப்பா முகைதீன் செருப்புப் பட்டறையில் வேலை. அம்மா ஆபிதா தோல்கிடங்கில் பச்சைத்தோலில் ஒட்டிய உப்பை உதறப் போகிறவள். ஆர்டர் விஷயம் கேள்விப்பட்டு அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்கு வந்து நின்றாள்.

"டீச்சரம்மா, இவள வீட்ல வச்சிருந்த காலத்துல வெளியே பூட்டு போட்டுட்டுத்தான் வேலைக்குப் போவேன். சாயங்காலம் வந்து தொறந்தா அழுது அழுது மூஞ்சி வீங்கிக் கெடப்பா. மறுபடி அந்தப் பூட்டத் தேட வச்சிராதீய."

கோமதியம்மாள் சரி என்று தலையாட்டினாள். அப்படித் தலையாட்டியதுதான் அவளுக்கு அடுத்த நாலு மாதமும் உறுத்தியது.

மூன்றாம் வகுப்பு வாத்தியார் பிரம்மநாயகம். அறையில் ஏற்கெனவே அறுபத்துநாலு பேர். பானு அறுபத்தைந்தாவது. வாத்தியார் கெட்டவர் இல்லை. தொண்டை கட்டிப்போன மனுஷர்.

"டீச்சர், நீங்க பக்கத்துல வந்து உக்காந்தா மொத்தக் கிளாசும் ஒங்களத்தான் பாக்குது. நான் காலிபீலி, சும்மா போர்டுகிட்ட கத்திக்கிட்டு நிக்கேன்."

"நான் சத்தமே போடலயே சார்."

"அதான் சொல்லுதேன். சத்தம் போடாம என்னமோ பண்ணுதீயளேன்னுதான் பாக்குதுவ."

கோமதியம்மாள் செய்தது இதுதான். பானுவின் பக்கத்தில் கால்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து, புளியங்கொட்டைகளை வரிசையாக வைப்பாள். எட்டுக் கொட்டை வைத்தால் பானு இரண்டிரண்டாக ஒதுக்கித் தள்ளிவிட்டு, "நாலு" என்பாள். பத்து வைத்தால் "அஞ்சு". கோமதியம்மாள் அவள் விரலைப் பிடித்து ஒவ்வொரு கொட்டையாகத் தொட வைத்து ஒன்று, இரண்டு என்று சொல்லிக்கொடுப்பாள். பானுவும் கூடவே சொல்லுவாள். பிடித்த கையை விட்டதும் மறுபடி "நாலு". ஒன்பது வைத்தால் இன்னும் மோசம். நாலு என்று சொல்லி, மீதி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு "ஒத்த, ஒத்த" என்று முனகுவாள். கொட்டகையில் இருந்த இரண்டு வருஷமும் இதே பாடுதான். "எண்ணும்போது பாதியை விட்டுவிடுகிறாள், கவனக் குறைவு" என்று கோமதியம்மாள் தன் கையாலேயே அவள் ஃபைலில் எழுதி வைத்திருந்தாள்.

தீபாவளிக்கு முன்னால் அரையாண்டுப் பரீட்சை. அதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே, இவர்கள் எழுதினாலும் தேறாது, வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று ஹெட்மாஸ்டர் மேஜைக்கு வகுப்பு வாத்தியார்களிடமிருந்து நாலு பெயர்கள் வந்துவிட்டன. பானுவின் பெயர் முதலில் இருந்தது.

இதை ஆபிதாவிடம் யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். சனிக்கிழமை அரை நாள். கோமதியம்மாள் பள்ளியிலிருந்து நேரே அவர்கள் சந்துக்குப் போனாள். பச்சைத்தோல் நாற்றமும் பசை நாற்றமும் கலந்து அடிக்கிற சந்து. கையகலச் சாக்கடையைத் தாண்டியதும் வீடு. உள்ளே தரையில் செருப்பு வார்கள் குவிந்து கிடந்தன. பானு அவற்றின் நடுவில் உட்கார்ந்து வலதையும் இடதையும் சேர்த்து நூலால் கட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். வாத்தியாரம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். கை நிற்கவில்லை.

"வாங்க, வாங்க. ஏளா, டீச்சருக்கு இடம் விடு," என்று ஆபிதா குவியலை ஒதுக்கினாள். "சேட்டு ஆள் சாயங்காலம் வருவான். எத்தன முடிஞ்சிருக்குளா?"

"ஒம்பது," என்றாள் பானு.

கோமதியம்மாள் கட்டி வைத்த வார்களைப் பார்த்தாள். பழக்கதோஷம், எண்ணிவிட்டாள். பதினெட்டு இருந்தன.

"பாத்தியளா ஆபிதா? இதத்தான் சொல்ல வந்தேன். பதினெட்டு இருக்கு, ஒம்பதுங்கா. எப்பவும் பாதியத்தான் சொல்லுதா. நானும் ரெண்டு வருஷமாத் திருத்துதேன்."

ஆபிதா ஒன்றும் விளங்காமல் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"டீச்சரம்மா, செருப்ப யாராச்சும் ஒத்த ஒத்தையா எண்ணுவாவளா? ஒம்பது சோடி. சரியாத்தானே சொல்லுதா?"

கோமதியம்மாள் சிரிக்கவில்லை. ஆபிதா டீ போட்டுக் கொடுத்தாள். அதைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமல் இருந்தாள். இந்தப் பெண் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து சோடி சேர்த்து வருகிறாள். உலகத்தில் எதைக் கொடுத்தாலும் அவள் கை முதலில் அதைச் சோடி சேர்க்கும். அதன் பிறகுதான் எண்ணும். மிஞ்சினால் ஒத்தை. இரண்டு வருஷமாகச் சரியான விடையை அவள் விரலைப் பிடித்துத் திருத்திக்கொண்டிருந்தது யார்? சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் அவளுக்கு உடம்பெல்லாம் அலுத்துப் போனது. இப்படிப் பன்னிரண்டு வருஷத்தில் இன்னும் எத்தனை பேரைத் திருத்தினோமோ என்ற நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. சொல்ல வந்ததைச் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை முதல் மணி அடித்ததும் பிரம்மநாயகத்தைப் பிடித்தாள். அவர் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"நல்லாருக்கே கத! பேப்பர்ல சோடின்னு இல்லயே டீச்சர்."

"ஒரு தடவ கேட்டுப் பாருங்க சார். நான் வெளியே நிக்கேன்."

அவர் சாக்பீஸ் டப்பாவைப் பானுவின் முன்னால் கவிழ்த்தார். கோமதியம்மாள் கதவுக்கு வெளியே தூணோடு ஒட்டி நின்றாள். பானு இரண்டு முறை கதவைத் திரும்பிப் பார்த்தாள், விரலைப் பிடிக்கிற கை வருமா என்று. வரவில்லை. பிறகு மெதுவாக இரண்டிரண்டாகத் தள்ளினாள்.

"ஆறு... ஒத்த ஒண்ணு."

"தப்பு," என்றார் வாத்தியார் பழக்கத்தில்.

பின்வரிசையிலிருந்து ஹபீபா என்ற பெண் துள்ளி எழுந்தாள். "தப்பில்ல சார்! ஆறு சோடி, ஒத்த ஒண்ணு. பதிமூணு வருது. எங்க வீட்லயும் இப்படித்தான் எண்ணுவோம்."

"எங்க வீட்லயும் சார்," "எங்க வீட்லயும்" என்று நாலு பக்கத்திலிருந்தும் குரல்கள். வகுப்பில் பாதி செருப்புக்காரர் வீட்டுப் பிள்ளைகள்.

"ஏளா, இத்தன நாளா இதச் சொல்லாம என்னத்துக்கு வாயப் பொத்திக்கிட்டு இருந்திய?"

"நீங்க கேக்கலயே சார்," என்றாள் ஹபீபா.

வகுப்பே சிரித்தது. பிரம்மநாயகமும் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டார். ஆனாலும் மனுஷர் விடவில்லை. கூட்டல் கேட்டார், சோடியில் வந்தது. கழித்தல் வரவில்லை. "அ" எழுதச் சொன்னார், அதுவும் வரவில்லை. கடைசியில் வெளியே வந்தார்.

"மார்ச்சு வரைக்கும் வச்சிக்கிடுதேன். அதுக்கு மேல ஜவாப்தாரி நான் இல்ல. இன்னொண்ணு, நீங்க அவ பக்கத்துல உக்காரக் கூடாது. ஹபீபா உக்காரட்டும். ஒங்க கை பட்டாத்தான் அவளுக்கு மறந்துபோவுது."

அது குத்தத்தான் செய்தது. ஆனாலும் உண்மை அதுதான்.

இருவரும் ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு பானுவின் பெயரைக் குறுக்கே கோடிட்டு அடித்தார். "ஒண்ணு குறைஞ்சுது," என்று பேனாவை மூடினார்.

"மத்த மூணு பேரு சார்?"

"அவாளுக்கும் செருப்புக் கணக்கு உண்டோ?"

"தெரியல சார். நான் அவங்க வீட்டுக்குப் போனதே இல்ல."

ஹெட்மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "எல்லாருக்கும் இப்படி ஒண்ணு கெடைச்சுடும்னு நெனச்சுண்டு அலையாதேங்கோம்மா."

"கெடைக்காதுதான் சார். ஆனா பாக்காம எப்படி எழுதிக் குடுக்கிறது? ஏற்கெனவே ஒரு தடவ எழுதிட்டேன்."

அவர் தாளை எடுத்து டிராயருக்குள் வைத்தார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் இங்க கெடக்கட்டும். சனிக்கிழமை அனுப்பியாகணும்."

கோமதியம்மாள் அட்டென்டன்ஸ் ரிஜிஸ்டரை வாங்கி மூன்று விலாசத்தையும் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டாள். ஒன்று கும்பர்வாடா, ஒன்று கோலிவாடாப் பக்கம், மூன்றாவதில் விலாசமே இல்லை. "தண்டவாளத்தை ஒட்டி" என்று மட்டும் இருந்தது. தூரமாக இருப்பதை முதலில் முடித்துவிடுவதா, கிட்டத்தில் இருப்பதையா என்று யோசித்தபடி, அடுத்த மணி அடித்ததும் நாலாம் வகுப்பை நோக்கி மாடிப்படி ஏறினாள்.