நான் பொய் சொல்லி அனுப்பிய நர்சம்மா

போன வருஷம் ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, என் ஒரே மகள் மதலேன் என் கண் முன்னால் செத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்தான். அன்றைக்குச் சர்வேசுரன் எனக்குச் செய்த உபகாரத்தைச் சொல்லத்தான், சகோதரிகளே, இந்தச் செபக் கூட்டத்தில் எழுந்து நிற்கிறேன்.

மருத்துவச்சி அருளம்மாளைப் பாலக்கரையில் தெரியாதவர்கள் கிடையாது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகள் என் கையில் விழுந்தவர்கள்தான். அந்தக் கர்வம் எனக்கு உண்டு. நாக்கும் கொஞ்சம் நீளம். அதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதில்லை.

முனிசிபாலிட்டிக்காரர்கள் தண்டோரா போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். பயிற்சி எடுத்துப் பெயர் பதிந்துகொள்ளாத மருத்துவச்சிகள் இனிமேல் பிரசவம் பார்க்கக் கூடாதாம். நர்சம்மா தெருத் தெருவாக வந்து பிள்ளைத்தாய்ச்சிகளின் பெயரை நோட்டில் எழுதிக்கொள்வாளாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் தாய் செய்த வேலை, நான் செய்கிற வேலை, இதில் இன்னொருத்தி வந்து எனக்குப் பாடம் நடத்துவதா? அதோடு பயமும் இருந்தது, மறைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன பெண்கள் பிணமாகத் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் தெருவுக்கு வந்தவள் பெயர் வேதவல்லி. ஸ்ரீரங்கத்து ஐயங்கார் வீட்டுப் பெண், சின்ன வயதிலேயே தாலியறுத்தவள். வெள்ளைப் புடவை, கையில் தோல் பை. அப்போது மதலேனுக்கு ஏழு மாதம். முந்தின நாள்தான் அவளுக்குக் கை நிறைய வளையல் அடுக்கியிருந்தோம். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"இந்த வீட்ல பிள்ளைத்தாய்ச்சி யாராவது இருக்காளா அம்மா?" என்று கேட்டாள்.

"ஒருத்தரும் இல்ல. ஊருக்கே பிள்ளை எடுக்கிறவ நான். எங்கிட்டயே வந்து கேக்குறீங்களா? போங்க, போய் வேற வேலையப் பாருங்க."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

இரண்டு மாதம் போயிற்று. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் மதலேனுக்கு வலி எடுத்தது. நம் வழக்கப்படி வீட்டிலிருந்த பெட்டி, பீரோ, பூட்டு எல்லாவற்றையும் திறந்து வைத்தேன். அவள் கூந்தலை அவிழ்த்துவிட்டேன். கொடிக்கயிற்றின் முடிச்சைக்கூட விட்டுவைக்கவில்லை. எல்லாம் திறந்தது, பிள்ளைக்கு மட்டும் வழி திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். பிள்ளை குறுக்கே கிடந்தது. வேறு வீடாக இருந்தால் வயிற்றை அமுக்கித் தள்ளியிருப்பேன். என் மகள் என்றதும் கை வரவில்லை.

மாதா படத்துக்கு முன்னால் போய் விழுந்தேன். "தாயே, யாரையாவது அனுப்பு. அந்த ஸ்ரீரங்கத்துக்காரி மட்டும் வேண்டாம்" என்றேன். சிரியுங்கள், சிரியுங்கள். மகளைச் சாகக் கிடத்திவிட்டு மாதாவுக்கு நிபந்தனை போட்டவள் நான்.

"அம்மா, என்னால முடியலம்மா" என்றாள் மதலேன். பாதிக் குரல்தான் வந்தது. அதைக் கேட்டதும் என் கர்வமெல்லாம் கரைந்து போயிற்று. "யாராயிருந்தாலும் சரி தாயே, என் மகள் பிழைக்கட்டும்" என்று கதறினேன்.

பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வாசலில் நின்றிருந்தார். "மாப்பிள்ளை, சைக்கிளை எடுங்க. அந்த நர்சம்மா எங்க இருந்தாலும் கூட்டிட்டு வாங்க" என்றேன்.

அவர் சைக்கிளைத் தொடவே இல்லை. "அத்தை, அவங்க தெருமுனையிலதான் வந்துக்கிட்டிருக்காங்க!" என்றார்.

வேதவல்லி உள்ளே வந்தாள். சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினாள், தொட்டுப் பார்த்தாள். "ஜட்கா வண்டி கொண்டு வாங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா பொணமாத்தான் வருவாங்க!" என்று கத்தினேன்.

"எல்லாம் கை மீறினப்புறம் கொண்டுபோனா வேற எப்படிம்மா வருவா? இப்பவே போனா பிழைச்சுக்குவா. நீங்களும் ஏறுங்கோ. அவளுக்கு உங்க கைதான் வேணும்."

வழி முழுக்க மகளின் கையைப் பிடித்துக்கொண்டு செபமாலை சொன்னேன். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மயக்க மருந்து கொடுத்துப் பிள்ளையைத் திருப்பி எடுத்தார்கள். பெண் குழந்தை, வீல் என்று அழுதது. மதலேனும் பிழைத்தாள். "நல்லவேளை, யாரும் வயித்த அமுக்கல. அமுக்கியிருந்தா ரெண்டு உயிரும் போயிருக்கும்" என்றார் டாக்டரம்மா. நான் தலை குனிந்து நின்றேன். அமுக்கிய வீடுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அதற்காக இன்றைக்கும் அழுகிறேன்.

வராந்தாவில் வேதவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "நான்தான் பொய் சொல்லி அனுப்பினேனே, எப்படி வந்தீங்க?" என்று கேட்டேன்.

"நீங்க இல்லேன்னு சொல்றப்பவே உள்ள வளையல் குலுங்கித்தே அம்மா! அன்னிக்கே எழுதிண்டுட்டேன். ரெண்டு மாசமா வெள்ளிக்கிழமைன்னா உங்க தெரு வழியாத்தான் போயிண்டிருக்கேன்."

கேட்டீர்களா? நான் முழங்காலில் விழுவதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே சர்வேசுரன் எனக்குப் பதிலை அனுப்பிவிட்டார். நான்தான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு நானும் முனிசிபாலிட்டியின் பயிற்சி வகுப்பில் போய் உட்கார்ந்தேன். என் மகள் வயதுப் பெண்களுக்கு நடுவில் இந்த நரைத்த தலை! நகத்தை ஒட்ட வெட்டவும், கத்தரிக்கோலைக் கொதிக்க வைக்கவும் கற்றுக்கொண்டேன். இப்போதும் வீடுகளில் பிரசவம் பார்க்கிறேன். சரியாக வருகிற பிள்ளைக்கு வீடும் நல்ல இடம்தான், வேதவல்லியே அப்படித்தான் சொல்கிறாள். எது சரியாக வராது என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்லத்தான் அவள் வருகிறாள். பிரசவம் பார்த்த நாட்களில் காவிரியில் முழுகிவிட்டுப் போனால்தான் அவளை அவள் வீட்டில் படியேற விடுவார்களாம். அவள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சகோதரிகளே, கஷ்டம் வந்தால் மாதாவிடம் கேளுங்கள், தைரியமாகக் கேளுங்கள். அவள் அனுப்புகிற ஆளுக்கு மட்டும் நிபந்தனை போடாதீர்கள். இதோ, கோவில் வாசலில் வேப்பமரத்தடியில் வேதவல்லி நோட்டோடு நிற்கிறாள். நான்தான் வரச் சொன்னேன். செபம் முடிந்ததும் உங்கள் வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சியின் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள். எங்கள் வீட்டில் யாரும் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்களில் எத்தனை பேர் கையில் வளையல் குலுங்குகிறது என்று எனக்கு இங்கிருந்தே கேட்கிறது.