சுடும்போதே உரித்த கிழங்கு

வெந்த உருளைக்கிழங்கைத் தண்ணீரிலிருந்து எடுத்ததும் அதன் தோல் ஓரிடத்தில் வெடித்து ஆவி வரும். அந்த ஆவி நிற்பதற்குள் உரித்துவிட வேண்டும் என்பது என் அத்தையின் சட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவில்பட்டி வீட்டில் நான் கிழங்கு அவிக்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரர், “முள்கரண்டில குத்திப் பிடிச்சு உரிச்சா என்ன, கைய வேக வைக்கணும்னு நேர்த்திக்கடனா?” என்று கேட்பார். சிரித்து மழுப்பிவிடுவேன். கையால் உரிப்பதற்கு என்னிடம் ஒரு காரணம் இருந்தது. அதை அவரிடம் சொன்னதில்லை.

அத்தை என் அப்பாவின் அக்கா. மாமா இறந்தபின் கொடைக்கானலில் ஒரு விருந்தினர் பங்களாச் சமையலறையில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு, புதூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். வரும்போது ஒரு கம்பளியும் இந்த உருளைக்கிழங்கு சாலட்டும் அவளோடு வந்தன. அங்கே வினிகர் ஊற்றுவார்களாம். இங்கே எலுமிச்சம்பழம். தோலோடு அவித்து, சூட்டோடு உரித்து, வட்டம் வட்டமாக அரிந்து, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், உப்பு, இடித்த மிளகு, நல்லெண்ணெய் சேர்த்துக் குலுக்கிச் சற்று நேரம் மூடி வைப்பாள். “சுடுதப்பவே சாறு ஊத்தணும்ட்டி. ஆறிருச்சுன்னா மேலதான் புளிக்கும், உள்ள சப்புனு கிடக்கும்” என்பாள். கம்பங்கஞ்சியும் மிளகாய்த் துவையலுமாக வளர்ந்த எங்களுக்கு அது விருந்து. அப்பா மட்டும், “காய்ச்சக்காரனுக்குக் கொடுக்குறத விருந்துன்னு திங்கிதீங்களே” என்று கேலி பண்ணுவார். கேலி பண்ணிக்கொண்டே இரண்டாம் தடவையும் தட்டை நீட்டுவார்.

எங்களுக்கு அந்தச் சாலட்டைவிட அத்தையின் கைதான் அதிசயம். கொதிக்கிற பானையிலிருந்து கரண்டியால் அள்ளிப் போட்ட கிழங்கை அப்படியே உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஊதாமல், கை மாற்றாமல், ஊர்க்கதை பேசியபடியே உரிப்பாள். நாங்கள் தொட்டுவிட்டு விரலைக் காதுமடலில் வைத்துக்கொண்டு துள்ளுவோம். “எல்லாம் கைப்பழக்கம்ட்டி” என்று அவள் சிரிப்பாள். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறோம். அவளுக்குச் சர்க்கரை இருந்தது ஒருவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்திருந்த நாள். கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டு காலைத் தூக்க விடாது என்பதால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்டை ஓட்டி வந்திருந்தாள் அத்தை. அதற்குச் சில நாட்கள் கழித்து, பெருக்கிக்கொண்டிருந்த அம்மா தரையில் ஈரப் பொட்டுகள் வரிசையாகப் போவதைப் பார்த்தாள். அடுப்படி வரைக்கும் போயிருந்தது. “மதினி, காலுல என்ன?” என்று அம்மா கேட்டதற்கு, “காலுக்கு என்ன, நல்லாத்தான இருக்கு” என்றாள் அத்தை. அம்மா விடாப்பிடியாகப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்காலில் உடைமரத்து முள் முழுதாக ஏறி, முறிந்து, சுற்றிலும் சீழ் கட்டியிருந்தது. வாடையும் வந்தது. கோவில்பட்டிக்குப் போய், அங்கிருந்து திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சர்க்கரையில் கால் மரத்துப்போயிருக்கிறது என்று சொல்லி முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அப்பா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, “இத்தன நாளு ஒரு வார்த்த சொல்லலயேக்கா” என்று அழுதார். அத்தை மேலே பார்த்துக்கொண்டே சொன்னாள்: “வலிச்சிருந்தா நான் சும்மாவால இருப்பேன்?”

வீட்டுக்கு வந்தபிறகும் சாலட் செய்ய வேண்டும் என்பாள். அம்மா கிழங்கை நன்றாக ஆறவிட்ட பிறகுதான் அவள் கையில் கொடுப்பாள். அத்தை அதை வாங்கி ஒரு கணம் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். பிறகு உரிப்பாள். உள்ளே உப்பேறாத அந்தக் கிழங்கை நாங்களும் மிச்சம் வைக்காமல் தின்றோம்.

எனக்கும் சர்க்கரை வந்து வருஷங்கள் ஆகின்றன. கிழங்கைக் குறை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், நாலு துண்டோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் உரிப்பதை விடவில்லை. நான் சொல்லாத காரணம் இதுதான்: சுட்டால் எனக்கு நிம்மதி. விரலை உதறிக்கொண்டு, அப்பாடா, இந்த வாரமும் சுடுகிறது என்று நினைத்துக்கொள்வேன். பைத்தியக்காரச் சோதனைதான். முள் குத்தியது அத்தையின் காலில். நானோ வாராவாரம் கையைச் சோதித்துவிட்டுத் திருப்திப்பட்டுக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த மகள், “நானும் உரிக்கேம்மா” என்று ஒரு கிழங்கை எடுத்தாள். எடுத்த வேகத்தில் கீழே போட்டாள். “இந்தக் கொதி கொதிக்குது, நீ எப்படிம்மா கைல வச்சிருக்க?” என்றாள். நான் அப்போது மூன்றாவதை உரித்துக்கொண்டிருந்தேன். ஊதவில்லை, கை மாற்றவில்லை. கைப்பழக்கம் என்று சொல்ல வாய் எடுத்தேன். அது அத்தையின் வார்த்தை.

கிழங்கைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டினேன். “உள்ளங்காலப் பாருட்டி. லைட்டப் போட்டு நல்லாப் பாரு.” அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் குனிந்து இடது பாதத்தைத் திருப்பினாள், பிறகு வலது. வலது குதிகாலில் அவள் விரல் நின்றது. “இது என்னம்மா, வெடிச்சு ரத்தம் கட்டிக் கிடக்கு. வலிக்கலையா?”

எனக்குப் பயமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது. “ஆட்டோவக் கூப்பிடு, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவோம்” என்றேன். நாங்கள் கதவைப் பூட்டும்போது கிண்ணத்தில் கிழங்கின் ஆவி இன்னும் நிற்கவில்லை.