ஆர்வில் ஸ்டாக்ஸும் ஊமைக் காரும்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை உதறிவிட்டு, சொந்தமாக வெல்டிங் பட்டறை போட்டு ஆளானவர் ஆர்வில் ஸ்டாக்ஸ். ஓர் ஆணிகூட அடுத்தவன் கையால் அடிக்க விட்டதில்லை.

அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில், படுக்கையும் அடுப்பும் கொண்ட அவருடைய வீட்டு வண்டியின் ஜெனரேட்டர் படுத்துவிட்டது. ஃப்ரிட்ஜில் மனைவி நடீனின் இன்சுலின் இருந்தது, வெளியே அனல். வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்த ஹைபிரிட் காரின் பேட்டரியிலிருந்து வயர் இழுத்து ஃப்ரிட்ஜை ஓடவைத்தார்.

"எந்தப் படிச்சவனுக்குய்யா இது தோணும்?" என்றார் பக்கத்து வண்டிக்காரர் வெர்லிடம்.

"தோணாதுதான். முதல்ல உக்காருய்யா, தரை தேஞ்சிரப் போவுது."

உட்கார முடியவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காரிடம் ஓடினார். நாற்பது வருடமாகச் சத்தத்தை வைத்தே எந்த இஞ்சினுக்கும் நோய் சொன்னவர். இதுவோ மூச்சே விடவில்லை. கார் அணைந்துவிட்டது என்று பதறி அதன் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் ஃப்ரிட்ஜ் நின்றது.

நடீன் இறங்கி வந்தாள். "ஓடிக்கிட்டிருந்ததை நீங்களே அணைச்சிட்டீங்க. பேட்டரியில சார்ஜ் இருக்கிற வரைக்கும் அது சத்தம் போடாது," என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினாள். ஃப்ரிட்ஜ் மறுபடி முனகியது.

"எனக்குத் தெரியாதா?"

"தெரியும்ல? அப்ப சாவியைக் குடுங்க."

ஆர்வில் வெர்லைப் பார்த்தார், காரைப் பார்த்தார். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து எந்த வண்டிச் சாவியையும் ஒருவரிடமும் தராதவர், காரின் சாவியை அவள் கையில் வைத்தார்.