மூலை மடித்த தாள்கள்

பலெர்மோவில் நாள் முழுவதும் செய்தி மட்டுமே ஒலிபரப்பும் வானொலியில் நான் துப்புரவு வேலை செய்தேன். அங்கே நரைத்த தாடிக்காரர் ஒருவர் செய்தி வாசிப்பார். வாசித்து முடித்த தாள்களை நிலத்தில் போடுவது அவர் வழக்கம். நான் சத்தமில்லாமல் பொறுக்குவேன்.

ஒருநாள் மேசையிலிருந்து வழுக்கி விழுந்த, வாசிக்காத தாளையும் பொறுக்கிவிட்டேன். இத்தாலிய எழுத்து எனக்குத் தெரியாது. அவர் கை மேசையைத் தடவியது. வானொலி ஊமையானது.

பொறுப்பாளர் பாய்ந்து வந்தார். “தாள் எங்கை?”

“நான்தான் துலைச்சிட்டன். வயசு போட்டுதெல்லோ!” என்றார் தாடிக்காரர்.

வேலை போய்விடும் என்ற பயத்தில் நான் குப்பைப் பையின் வாயை இறுக்கிக் கட்டினேன்.

மறுநாள் அவரிடம், “சின்யோர், நேற்று நான்...” என்று தொடங்கினேன்.

“நேற்றையான் செய்தி இஞ்சை ஆருக்கு வேணும்?” என்று சிரித்தார்.

அன்று முதல் வாசித்த தாள்களின் மூலையை மடித்தே கீழே போட்டார். அவற்றைப் பொறுக்கும்போது அவர் முகத்தை நான் நிமிர்ந்து பார்த்ததில்லை.