ரத்னாக்கா படகில் ஏறிய அத்தியாயம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் என்னோடு பேக்கிங் வேலை பார்க்கும் துர்காதேவி நாவல் எழுதுகிறாள் என்று கேள்விப்பட்டபோது நான் சிரித்தேன். அதுவும் காலத்தில் பின்னால் போகிற கதையாம். எனக்குக் கதை என்றாலே கொட்டாவி வரும். ஆனால் கம்பெனி பஸ்ஸில் அவள் செல்போனைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தாளோ இல்லையோ, ஜன்னல் சீட்டை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டேன்.

துர்காவின் அப்பா பழவேற்காட்டில் மீன் பிடித்தவர். அவள் பள்ளிக்கூடம் போன வயதில், ஒரு காலையில் பேய்க்காற்றில் படகு கவிழ்ந்து ஏரியோடு போய்விட்டார். நாவலில் மகள் ஒரு இயந்திரத்தில் அந்தக் காலைக்குத் திரும்பிப் போய், "போகாத நைனா" என்று அப்பாவிடம் அழுகிறாள். அவர் நின்றுவிடுகிறார், பிழைத்துவிடுகிறார். பஸ்ஸே கைதட்டியது. புத்தகம் போட ஒருவர் தயாராக இருந்தார். துர்காதான் பிடிவாதம் பிடித்தாள். "அம்மா சரின்னு சொல்லாம அச்சுக்குக் குடுக்க மாட்டேன்." செத்தவரைக் கதையில் எழுப்பினால் அம்மா தாங்குவாளா என்ற பயம் அவளுக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணைக்கு என்னையும் பழவேற்காட்டு வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் வாசிக்க வாசிக்க, அம்மா ரத்னாக்கா இறால் உரித்தபடியே முழுசும் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இன்னாடி எழுதிக்கீற? அன்னிக்கு நம்ம பாடு. நீ அழுதா பாட்டை வுட்டுட்டு நின்னுடுவாரா உங்க நைனா?"

பாடு என்றால் ஏரியில் வலை போடும் முறை. ஒவ்வொருவருக்கும் நாளும் இடமும் சுற்றுமுறையில் வரும். காய்ச்சலில் கிடந்தாலும் அந்த மனுஷன் தன் பாட்டைத் தவறவிட்டதில்லையாம். அந்த ஊரில் பிறந்தவளுக்கு இது எப்படி மறந்தது என்று எனக்குக் கோபமே வந்தது. துர்கா அசடு வழிந்தாள்.

"அப்ப கதையிலயும் அவரு போயிடட்டுமா?" அவள் குரல் உடைந்துவிட்டது.

"யாரு சொன்னா? அந்த மிஷின்ல உன்னை எதுக்கு அனுப்பற, என்னை அனுப்பு. நான் படகுல ஏறி நடுவுல உக்காந்துக்கிறேன். எறங்குடின்னு அவரு கத்துவாரு, நானும் கத்துவேன். எங்க சண்டை முடியறதுக்குள்ள காத்து வந்துட்டுப் போயிடும்."

"தலையெல்லாம் நரைச்சிப் போய்க்கீற. நைனாவுக்கு உன்னை அடையாளம் தெரியுமா?"

"வாயைத் தொறந்தா தெரிஞ்சிடும்."

வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்த ரத்னாக்கா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். "அன்னிக்கு இது தோணலியே எனக்கு" என்றார். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

துர்கா அங்கேயே உட்கார்ந்து மாற்றி எழுதினாள். சண்டையில் தோற்ற மனுஷன் முணுமுணுத்துக்கொண்டே கரையில் உட்கார்ந்து சோறு தின்கிறார். எதிரில் காற்று அடித்து ஓய்கிறது.

"அச்சுக்குக் குடு" என்றார் ரத்னாக்கா. அவள் எழுந்திருக்கப் போனதும் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "இரு. அவரு சாப்புடற எடத்தை இன்னொரு வாட்டி படி."